ஷரபுன்னிசா எடுத்த வீடியோ

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மஹ்ஜபீன் அடுப்பில் அண்டாவை ஏற்றுவாள். தண்ணீர் கொதித்து வருவதற்குள் ஷரபுன்னிசா அரிசி மாவைச் சலித்து உப்புப் போட்டு வைத்திருப்பாள். கொதிநீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்து பிழிந்துவிட வேண்டும். ஆறவிட்டால் மாவு அச்சுக்குள் இறுகி நின்றுகொள்ளும். ஒரு நாளைக்கு முன்னூறு இடியாப்பம். நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் பாதி வீடுகளுக்கும் பாலக்கரையில் இரண்டு ஹோட்டல்களுக்கும் ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

மீரான் இருந்தவரை கடைசி நூறு இடியாப்பம் அவன் கணக்கு. அக்காவுக்குத் தோள்பட்டை வலி என்று அச்சை வாங்கிக்கொண்டு நின்றபடியே பிழிவான். பிறகு டப்பாக்களைத் தன் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு ஹோட்டல்களில் இறக்கிவிட்டு அப்படியே ஸ்ரீரங்கம் டாக்சி ஸ்டாண்டுக்குப் போய்விடுவான். இப்போது அந்த நூறையும் மஹ்ஜபீனே பிழிந்தாள். டப்பாக்களை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஷரபுன்னிசா வெளியே போக முடியாது. அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் ஆகும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது.

மஹ்ஜபீன் மீரானுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் கணவனை இழந்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், பிறகு தம்பியை விட்டு எங்கும் போகவில்லை. அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். ஷரபுன்னிசாவும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாத்தனார் என்ற நினைப்பு இரண்டு பேருக்குமே இருந்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் மீரானுக்கு நல்ல பேர். பெருமாளைச் சேவிக்க வெளியூரிலிருந்து வரும் வயதானவர்கள் போன் பண்ணி அவன் வண்டியைத்தான் கேட்பார்கள். "மீரான் பாய் வண்டின்னா மடியில பால் செம்பை வச்சுண்டு உக்காரலாம்" என்று உத்தர வீதி மாமா ஒருவர் சொன்னதை வீட்டில் வந்து அவரைப் போலவே சொல்லிக் காட்டி மகள் இக்ராவைச் சிரிக்க வைப்பான். பதினெட்டு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை.

ஆடி மாதம் ஒரு சினிமா கம்பெனி வந்து புத்தூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கியது. ஜீயபுரத்துக்கு அந்தப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வாய்க்கால் கரை ரோட்டில் படப்பிடிப்பு. ஆட்களை ஏற்றி இறக்க மீரானின் காரை இருபது நாளுக்குப் பேசியிருந்தார்கள். சண்டைக் காட்சிக்குக் கார் ஓட்ட மெட்ராஸிலிருந்து வந்தவர் வேறு படத்துக்கு நாள் ஒதுக்கியிருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார். ஒரே ஒரு ஷாட் பாக்கி. கதாநாயகனின் பழைய அம்பாசடர் கார் கரைமேல் வேகமாக வந்து, மண்ணைக் குவித்துப் பலகை போட்ட மேட்டில் ஏறி, எகிறி, அந்தப் பக்கம் விழுந்து ஓட வேண்டும். மேனேஜர் மீரானைக் கேட்டார். தூரத்திலிருந்து எடுக்கிற ஷாட், முகம் தெரியாது, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்றார். மீரான் சரி என்றான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் ஷரபுன்னிசா ஒரு ஷூட்டிங்கும் பார்த்ததில்லையே என்று அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

மேட்டில் ஏறி எகிறிய கார் விழும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலுக்குள் தலைகீழாகப் போனது. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் ஆள் மட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அவனை வெளியே எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. படப்பிடிப்புக் குழுவினர் சாப்பிடப் போயிருந்தபோது வாடகைக் கார் டிரைவர் ஒருவர் அனுமதியில்லாமல் படத்துக்கு வைத்திருந்த காரை எடுத்து, மனைவியிடம் சாகசம் காட்ட முயன்று வாய்க்காலில் கவிழ்ந்து இறந்தார் என்று போட்டிருந்தார்கள். மஹ்ஜபீன் அதை இக்ராவிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை இக்ரா வாசிக்க மாட்டேன் என்று அழுதுவிட்டாள்.

மீரானோடு டாக்சி ஸ்டாண்டில் இருந்த இம்தியாஸ்தான் ஸ்டேஷனுக்கு அலைந்தான். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டுப் போவான்.

"கேமரா ஓடவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கக்கா. யாரும் ஓட்டச் சொல்லலையாம். இருபது பேரும் ஒரே மாதிரி சொல்றானுங்க."

"இவ அங்கதானே இருந்தா? மைக்குல கூப்பிட்டாங்கன்னு இவ சொல்றாளே."

"பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. வேற யாராச்சும் சாட்சி இருந்தா கூட்டிட்டு வாங்கன்னாரு. ஷூட்டிங்ல யாரையும் செல்போன் வச்சுக்க விடலையாம், எல்லாத்தையும் வாங்கி ஒரு பையில போட்டு வச்சிருந்திருக்காங்க. ஒரு போட்டோகூட இல்ல."

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஷரபுன்னிசா தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். "என் தம்பியா சாகசம் காட்டுனான்?" என்று மஹ்ஜபீன் யாரையோ கேட்பதுபோல் கேட்பாள். "ஸ்பீட் பிரேக்கர் வந்தா பின்னாடி உக்காந்திருக்கவங்ககிட்ட சொல்லிட்டு ஏத்துறவன்."

ஆவணி கடைசி வாரம் ஒரு மத்தியானம். வாசலில் ஒரு பெண் நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கையில் துண்டால் சுற்றிய இரண்டு சீப்புப் பூவன்பழம்.

"டிரைவர் பாய் வீடு இதுதானுங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"எம் பேரு வீரம்மாளுங்க. ஜீயபுரத்துலேர்ந்து வரேன். அன்னைக்கு அந்த வாழத் தோட்டத்துல நான்தான் வேலையா நின்னேன்."

ஷரபுன்னிசா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மயங்கி விழுந்தவளை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தது இந்தப் பெண்தான். முகம் சரியாக நினைவில்லை. அந்தக் கையின் சொரசொரப்பு நினைவிருந்தது.

"ஒரு மாசமா வரணும் வரணும்னு இருந்தேன் தாயி. ஆடிக் காத்துல சாஞ்ச மரத்துக்கெல்லாம் முட்டுக் குடுக்குற வேலை. ஒழிவே இல்ல. இன்னைக்கு மொதலாளி வீட்டுல விசேஷம்னு விட்டாங்க. கேட்டுக் கேட்டு வந்தேன். எப்படி எளச்சுட்டே பாரு."

மஹ்ஜபீன் அவளை உட்கார வைத்தாள். சோறும் பருப்பு ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. தட்டில் போட்டு அவள் முன் வைத்தாள். வீரம்மாள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"பேப்பர்ல என்னமோ போட்டாங்களாமே, அவரா வண்டிய எடுத்தாருன்னு. அநியாயம். மைக்குல எப்படிக் கத்துனாங்க? எங்க தோட்டம் பூராவும் கேட்டுச்சே."

மஹ்ஜபீனின் கையிலிருந்த கரண்டி நின்றது. "நீங்க கேட்டீங்களா? ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்றீங்களாம்மா? நான் கூடவே வரேன்."

வீரம்மாள் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "தோட்டத்து வழிய அவங்களுக்கு விட்டது எங்க மொதலாளிதாங்க. நான் வாயத் தொறந்தா நாளைலேர்ந்து வராதேன்னுருவாரு. வேற எங்க போயி நிக்கிறது நானு?" என்றாள். பிறகு முகம் தெளிந்து நிமிர்ந்தாள். "நான் எதுக்குச் சொல்லணும்? எங்கூட நின்னுதானே இந்தத் தங்கச்சி செல்லுல புடிச்சுக்கிட்டிருந்துச்சு. வாழைக்குள்ள நின்னதால அந்த ஆளுங்க பாக்கல. அதுல எல்லாம் விழுந்திருக்குமே?"

ஷரபுன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். வீரம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. மஹ்ஜபீன் இன்னும் கொஞ்சம் ஆணத்தை அவள் தட்டில் ஊற்றி, "சாப்பிடுங்க" என்றாள். போகும்போது இடியாப்பம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சந்து முனை வரை கூடப்போய் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

திரும்பி வந்து எச்சில் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள். "எங்க அது?"

"அக்கா..."

"ஐம்பது நாளா அந்த இம்தியாஸு ஸ்டேஷன் வாசல்ல நாயா நிக்கிறான். எங்க வச்சிருக்கே?"

"வேணாங்கக்கா. அதப் பாக்காதீங்க."

"அவன் செத்ததுதானே இருக்கு அதுல? அவன் செத்துத்தானே போயிட்டான். இனிமே பாக்க என்ன இருக்கு?"

ஷரபுன்னிசா பீரோவைத் திறந்து துணிகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். பதினோராம் நாள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அணைத்து வைத்ததுதான். உயிரில்லாமல் கிடந்தது. சார்ஜரில் மாட்டிவிட்டு இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடும் வீடியோ. முதலில் வாழை இலைகள் தெரிந்தன. காற்று போனில் மோதும் இரைச்சல். பிறகு இலைகளை விலக்கிக்கொண்டு மீரான் வந்தான். கதாநாயகனின் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. மஹ்ஜபீன் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். போனைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கேன்? ஹீரோவா?" என்று அவன் கேட்டான்.

"ஹீரோவோட டிரைவர்" என்று ஷரபுன்னிசாவின் குரல் சிரித்தது.

அவனும் சிரித்தான். பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னொரு தடவை வரச் சொல்றாங்க ஷரபு. மொதல்ல வந்தது வேகம் பத்தலையாம். இந்த வண்டியில பிரேக்கும் அவ்வளவு சரியில்ல. எனக்கு என்னமோ நெஞ்சு படபடங்குது. முடியாதுன்னு சொல்லிரவா?"

"அய்யே. இவ்வளவு பேரு காத்துட்டு நிக்கிறாங்க. ஒரே ஒரு தடவைதானே, போங்க. இக்ராகிட்ட காட்டணும்ல?"

அவன் ஒரு கணம் நின்றான். வலது கையால் கழுத்தைத் தடவிக்கொண்டான். "சரி. நல்லா எடு. கையை ஆட்டாத" என்று சொல்லிவிட்டு இலைகளுக்குள் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மைக்கில் ஒரு குரல் கேட்டது. "மீரான் பாய்! இந்தத் தடவை எண்பதுக்குக் கொறையக் கூடாது. பலகை வர்ற வரைக்கும் பிரேக்ல கால் வைக்கவே கூடாது. புரியுதா? கேமரா ரெடி!" ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

கரைமேல் புழுதியோடு வெள்ளைக் கார் வந்தது. ஏறியது. எகிறியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் பனைமரம் உயரத்துக்கு எழும்பிச் சிதறியது. அந்த இடத்தில்தான் அவள் சிரித்திருந்தாள். "அல்லாஹ்! சூப்பருங்க! சூப்பரு!" போனைப் பிடித்த கையோடு கைதட்டியதில் படம் மேலும் கீழும் ஆடியது. அப்படித்தான் விழ வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். சினிமாவில் கார் தண்ணீரில் விழும், ஓட்டியவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவான். "பாத்தீங்களாக்கா? எங்க வீட்டுக்காரரு" என்று பக்கத்தில் நின்ற வீரம்மாளிடம் சொல்வதும் கேட்டது. சிரிப்பு நிற்கவே இல்லை. இருபது விநாடிக்கு மேல் சிரித்தாள். பிறகு யாரோ தூரத்தில், "டேய், ஆள் வரலடா" என்று கத்தினார்கள். படம் தலைகுப்புறப் போய் மண்ணைக் காட்டியது. ஒரு காய்ந்த வாழைச்சருகு. ஓடும் கால்கள். அதோடு முடிந்தது.

மஹ்ஜபீன் இருட்டிப்போன போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்கிட்டதானே வந்து கேட்டான். நீ போங்கன்னு சொல்லலேன்னா எறங்கியிருப்பான்."

ஷரபுன்னிசா ஆமாம் என்று தலையசைத்தாள். ஐம்பது நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த சொல்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. முற்றத்தில் இக்ரா புத்தகப் பையை இறக்கும் சத்தம் கேட்டது. ஸ்கூல் விட்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஷரபுன்னிசா போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மஹ்ஜபீன் அவளிடம் பேசுவது நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. மாவு, உப்பு, தண்ணீர் என்று வேலைக்கு வேண்டியதைச் சொல்வாள். தட்டில் சோறு போட்டு வைப்பாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். பிழிகிற கை பிழிய, அடுக்குகிற கை அடுக்க, காலை நேரம் அப்படியே போகும்.

இம்தியாஸிடம் சொல்லாமல் முடியவில்லை. அவன் வாசலில் நின்று வீடியோவைப் பார்த்தான். பார்த்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச பையன் செல்போன் கடை வச்சிருக்கான். முன்னால உள்ள பேச்சை வெட்டிரலாம். பின்னால சத்தத்தையும் எடுத்துரலாம். மைக்குல கத்துறதும் வண்டி வர்றதும் மட்டும் இருந்தா போதும். நீங்க சொன்னதோ சிரிச்சதோ யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

"அவ இஷ்டம்" என்று மட்டும் மஹ்ஜபீன் இம்தியாஸிடம் சொன்னாள்.

இரண்டு நாள் ஷரபுன்னிசா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்டிவிட்டால் நல்லது என்றுதான் முதலில் தோன்றியது. பெரிய நிம்மதிகூட வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"வெட்ட வேணாங்கக்கா."

மஹ்ஜபீன் திரும்பினாள். "ஏன்?" வேலைக்கு வெளியே அவள் கேட்ட முதல் சொல் அது.

"அத வெட்டிட்டா அவரு பயந்தது தெரியாது. முடியாதுன்னு சொல்லிரவான்னு கேட்டது தெரியாது. எண்பதுல வாங்கன்னதும் இவரே ஆசப்பட்டுக் குதிச்சுட்டாருன்னுதான் நெனப்பாங்க. பேப்பர்ல போட்ட மாதிரியே ஆயிரும்." கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னை வெட்டுனா அவரையும்ல வெட்டணும்."

போலீஸுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் இக்ராவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கோர்ட்டிலோ தெருவிலோ வேறு யாரோ சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். அத்தா வந்து கேட்டதையும் தான் போங்க என்று சொன்னதையும் தெரியாமல் சிரித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இக்ராவுக்குப் பதின்மூன்று வயது. கேட்டுக்கொண்டே ஸ்கூல் டையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அழவும் இல்லை. அன்றைக்குத் தன் தலையணையை எடுத்துக்கொண்டு போய் மஹ்ஜபீன் மாமியின் பாயில் படுத்தாள். "அம்மாகிட்ட போய்ப் படு" என்று மஹ்ஜபீன் சொல்லியும் அசையவில்லை. மறுநாளும் அப்படியே. ஷரபுன்னிசா கூப்பிடவில்லை. தனக்கு அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

லின்சி என்ற பெண் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். இத்தாவில் இருக்கிறவள் ஸ்டேஷனுக்கு வர முடியாது என்று இம்தியாஸ் போய்க் கேட்டுக்கொண்டதால் ஏற்பாடு செய்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீடியோவை முழுவதும் பார்த்தார். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினார்.

"இந்தப் பொம்பளக் குரல் யாருது?"

"என்னுதுங்க."

"போங்கன்னு சொல்றது?"

"நான்தாங்க."

"சிரிக்கிறது?"

"அதுவும் நான்தாங்க."

லின்சி பேனாவை வைத்தார். "அக்கா, இதுல எதையும் வெட்டாம அப்படியே குடுத்தீங்க. வெட்டியிருந்தா கோர்ட்ல நிக்காது, இதையே சாக்கா வச்சு அவங்க வக்கீல் எல்லாத்தையும் பொய்யின்னு சொல்லியிருப்பான். போனையும் எடுத்துட்டுப் போறேன். திரும்பக் கெடைக்க நாளாகும்." எழுந்து நின்றவர், சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நானா இருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல."

வழக்கை மாற்றி எழுதினார்கள். கம்பெனி மேனேஜரையும் மைக்கில் பேசியவனையும் பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். தப்பாகப் போட்ட செய்தியைப் பேப்பர்காரர்கள் திருத்திப் போடவில்லை. ஆனால் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது என்று இம்தியாஸ் சொன்னான். தெரிந்தது அது மட்டும் இல்லை. எங்கிருந்து கசிந்ததோ, புருஷன் சாகும்போது கைதட்டிச் சிரித்தவள் என்ற பேச்சு சந்துக்குள்ளும் வந்துவிட்டது. இடியாப்பம் வாங்க வாசலுக்கு வரும் பெண்கள் ஷரபுன்னிசா இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹோட்டல்காரரின் மனைவி மஹ்ஜபீனிடம் நேராகவே கேட்டாளாம். என்ன பதில் சொன்னாள் என்று மஹ்ஜபீன் வீட்டில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஹோட்டலுக்கு இடியாப்பம் போகவில்லை.

இத்தா முடிந்த பத்தாம் நாள் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க ஷரபுன்னிசாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திகை மழை நாலு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மஹ்ஜபீன் கூட வந்தாள். ஸ்கூலுக்குப் போயிருக்க வேண்டிய இக்ரா யூனிஃபார்மோடு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நானும் வரேன்" என்றாள். யாரும் தடுக்கவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தபோது ஷரபுன்னிசாவுக்குக் கண் கூசியது. காந்தி மார்க்கெட் வாசலில் வெங்காய மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. உலகத்தில் எதுவும் நின்றுபோயிருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் ஒரு இளம்பெண். யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லச் சொன்னார்களா என்று கேட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஷரபுன்னிசா சொன்னாள். அவன் வந்து கேட்ட இடம் வந்ததும் நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அதையும் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள். டைப் அடித்ததை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் ஆனது.

வெளியே வந்தபோது வராந்தாவில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வக்கீல்கள் ஃபைலைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மஹ்ஜபீன் தூணோரமாக நின்றிருந்தாள். இக்ரா பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று மஹ்ஜபீன் கேட்டாள்.

"முடிஞ்சுதுக்கா."

"எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றாள் இக்ரா. அம்மாவிடம் அவள் மூன்று மாதத்தில் கேட்ட முதல் கேள்வி.

"சொல்லிட்டேன்டி."

"நான் கேட்டதையும் சொன்னீங்களா?"

ஷரபுன்னிசாவுக்குப் புரியவில்லை. "நீ என்ன கேட்டே?"

"அன்னைக்குக் காலையில. நீங்களும் அத்தாவும் கெளம்பும்போது. வீடியோ எடுத்துட்டு வாங்க, இல்லேன்னா என் ஃபிரண்ட்ஸ் நம்ப மாட்டாங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன்ல. செருப்பு போடும்போது ஒரு தடவ, சந்து முனைக்கு ஓடி வந்து ஒரு தடவ." வாய் கோணிக்கொண்டு வந்தது. "அதனாலதானே நீங்க போங்கன்னு சொன்னீங்க. நான் கேக்கலேன்னா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. நீங்க சொல்லலேன்னா அத்தா எறங்கியிருப்பாங்கன்னு மாமி சொன்னாங்க. நான் முத்தத்துல நின்னு கேட்டேன்."

தூணோரம் நின்ற மஹ்ஜபீன் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மாதமாக மகள் தன்னைவிட்டு விலகிப் படுத்தது எதற்கு என்று ஷரபுன்னிசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். இக்ராவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"இங்க பாரு. என்னைப் பாருடி. ஓட்டத் தெரியாத வேலைக்கு அத்தாவைப் புடிச்சு உக்கார வச்சாங்க. பிரேக் சரியில்லாத வண்டியக் குடுத்தாங்க. பெல்ட்டு இல்ல அதுல. தண்ணிக்குள்ள எறங்கிக் காப்பாத்த ஒரு ஆள் நிறுத்தி வைக்கல. எண்பதுல வா, பிரேக்கத் தொடாதேன்னு கத்துனான். அதனாலதான் அத்தா போனாங்க. நீ வீடியோதான் கேட்டே. சின்னப் புள்ள கேக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் நீ பண்ணல. அவ்வளவுதான்."

ஒரே மூச்சில் சொன்னாள். இவ்வளவும் தனக்குத் தெரியும் என்பதே சொல்லும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இக்ரா மூக்கை உறிஞ்சினாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீங்களும் போங்கன்னுதானே சொன்னீங்க. அவ்வளவுதானேம்மா?"

ஷரபுன்னிசா வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொன்னால்தான் பிள்ளை நம்பும் என்று தெரிந்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரமாட்டேன் என்றது.

மஹ்ஜபீன் தூணை விட்டு வந்தாள். வந்து இக்ராவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு ஷரபுன்னிசாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமாடி" என்றாள். "அவ்வளவுதான். உங்கம்மா அவ்வளவுதான் சொன்னா. மாமி அன்னைக்குப் பேசுனது தப்பு."

சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மழை வலுத்துப் பெஞ்சு வரைக்கும் சாரல் அடித்தது. மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.